பச்சைத் தேயிலை வாசமும் ஒரு பூத்தட்டும்

போன மார்கழிக் கடைசியில் என் அண்ணன் மகள் பிரான்சிலிருந்து வந்திருந்தாள். வழக்கமாகச் சாக்லேட்டும் முட்டிவலிக்குத் தடவும் களிம்பும்தான் கொண்டு வருவாள். இந்தத் தடவை ஒரு அட்டைப்பெட்டியை என் கையில் வைத்து, "அத்தை, இது உங்களுக்கு மட்டும். யாருக்கும் தூக்கிக் கொடுத்துடக் கூடாது" என்றாள். என் வழக்கம் அவளுக்குத் தெரியும். வருகிற பொருளில் பாதி அடுத்த வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் போய்விடும்.

பெட்டியின் மேல் பிரெஞ்சில் எழுதியிருந்தது: 'ஓ பர்ஃப்யூமே ஓ தே வேர்'. பச்சைத் தேயிலை வாசம் ஏற்றிய நீர் என்று பொருள். எத்தனையோ வருடம் கழித்துப் பிரெஞ்சில் நாலு சொல்லை வாய்விட்டுப் படித்தேன். படித்த பிறகுதான் அது செண்ட் என்று மண்டையில் ஏறியது.

"எழுபத்தைந்து வயதில் எனக்கு எதுக்குடி செண்ட்?" என்றேன்.

"இது செண்ட் இல்லை அத்தை. போட்டுப் பாருங்க, அப்புறம் சொல்லுங்க" என்று மணிக்கட்டைப் பிடித்து ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வாசனைத் தண்ணீரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என்னைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. நான் பிறந்தது புதுச்சேரியில், 1950-ல். 1954 நவம்பர் முதல் தேதி ஊரில் பிரெஞ்சுக் கொடி இறங்கியபோது எனக்கு நாலு வயது. ஆனால் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு இறங்கவில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் கணக்கு, பூகோளம், சரித்திரம் எல்லாமே பிரெஞ்சில்தான் படித்தேன். லுவார் நதி எங்கே ஓடுகிறது என்று தெரியும். வைப்பாறு எங்கே ஓடுகிறது என்று ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் ஒப்பந்தப்படி ஊர் முழுமையாக இந்தியாவோடு சேர்ந்தபோது, வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். அண்ணன் அதற்கு முன்பே பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்திருந்தார். எங்கள் ஊர்ப் பேச்சில் 'சொல்தா'. அவர் எழுதிக் கொடுத்தார். அப்பா எழுதவில்லை. ஒரே வீட்டில் இரண்டு தேசம். அதனால்தான் இன்றைக்கும் எனக்குப் பாரிஸிலிருந்து களிம்பு வருகிறது.

பள்ளியில் ஒரு வயதான கன்னியாஸ்திரீ இருந்தார். தையல் வகுப்பு எடுப்பவர். எங்களில் யாருக்காவது தலை சுற்றினால் அங்கியின் மடிப்பிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து நெற்றியில் ஒற்றுவார். அதில் கொலோன் தண்ணீர் இருக்கும். நம் பக்கத்து வீடுகளில் 'யூடிகோலன்' என்று சொல்லி ஜுரத்துக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுவோமே, அதேதான். ஜெர்மனியில் கொலோன் என்ற ஊரில் 1709-ல் ஃபரீனா என்கிற இத்தாலியக் குடும்பம் கடை வைத்து விற்றதால் அந்தப் பெயர் வந்தது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் மணம். உலகத்தைத் துறந்தவர் கையிலிருந்து வந்த அந்த மணம் எனக்குத் தப்பாகத் தோன்றியதே இல்லை. வாசனை என்றால் மினுக்குவதற்கு என்று யாரும் எனக்கு அப்போது சொல்லித் தரவில்லை.

அதைச் சொல்லித் தந்தவர்கள் பிற்பாடு வந்தார்கள்.

கல்யாணமாகி ராஜபாளையம் வந்தேன். என் வீட்டுக்காரர் பஞ்சாலையில் கணக்குப் பார்த்தார். நான் தேர்வு எழுதி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன். பிரெஞ்சில் படித்த சான்றிதழை எஸ்.எஸ்.எல்.சி.க்குச் சமம் என்று ஏற்கவைக்க நான் நடந்த நடை தனிக் கதை; இன்னொரு நாள் சொல்கிறேன். 1976 முதல் 2008 வரை தினமும் போக வர இருபத்திரண்டு கிலோமீட்டர் பஸ். அந்த முப்பத்திரண்டு வருடமும் எனக்கு இப்போது வாசமாகத்தான் நினைவிருக்கிறது. ராஜபாளையத்தில் ஏறும்போது ஆலைப் பக்கமிருந்து வரும் பஞ்சும் எண்ணெயும் கலந்த வாசம். வைகாசியில் மாம்பழக் கூடை வாசம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினால் பால்கோவாக் கடைகளில் பால் சுண்டும் வாசம். அலுவலகத்துக்குள் நுழைந்தால் பழைய கட்டுக் காகிதம், கார்பன் தாள், பசை, முத்திரை அரக்கு. சாயங்காலம் கோயில் பக்கம் துளசியும் செவ்வந்தியும்.

நான் போட்டுக்கொண்டது என்ன? குட்டிகூரா பவுடர், மைசூர் சந்தன சோப்பு, தலையில் பூ. அவ்வளவுதான். செண்ட் என்பது நம் தலைமுறையில் வேறு விஷயம். "செண்ட் அடிச்சுக்கிட்டு வந்துட்டா" என்று சொன்னால் அது பாராட்டு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். ஆண்களும் கல்யாண வீட்டில் அத்தரில் பஞ்சு நனைத்துக் காதில் சொருகுவார்கள், ஜவ்வாது பூசிக்கொள்வார்கள். அதற்கு யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

இனி அந்தப் பச்சைப் பாட்டிலுக்கு வருகிறேன்.

காலையில் குளித்துவிட்டு இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு தடவை அழுத்துகிறேன். முதலில் நாரத்தைத் தோலைக் கிள்ளியது போல ஒரு புளிப்பு மணம். இரண்டு மூன்று நிமிடத்தில் அது போய் ஏலக்காயும் கொத்தமல்லி விதையும் வரும். மாமியாரின் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து உடனே மூடினால் எப்படி இருக்கும், அந்த அளவுதான். கால் மணி நேரம் கழித்துத்தான் தேயிலை வாசம். டீக்கடை வாசம் என்று நினைக்காதீர்கள். பாலும் சீனியும் அதில் இல்லை. வெந்நீர் பட்டு விரிந்த பச்சிலையின் வாசம். அதற்குப் பின்னால் மல்லிகை. தலையில் வைத்த மல்லிகை போல மூக்கை அடைக்காது. அடுத்த தெருவில் யாரோ திண்ணையில் உட்கார்ந்து பூக்கட்டுகிறார்கள், காற்று இந்தப் பக்கம் திரும்பியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வெயிலுக்கு இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பதினொரு மணிக்கு மணிக்கட்டை மூக்கில் ஒட்டி வைத்துத் தேட வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாது. கட்டிப்பிடித்தால் ஒருவேளை தெரியும். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. அதிக நேரம் உட்காராத விருந்தாளியைத்தான் அடுத்த தடவையும் வரச்சொல்லிக் கேட்போம்.

இதைச் செய்தவர் யார் என்று அண்ணன் மகளிடம் கேட்டேன். அவள் அனுப்பிய பிரெஞ்சுக் கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ழான்-குளோத் எலெனா என்பவர். தெற்குப் பிரான்சில் கிராஸ் என்ற ஊர்க்காரர். நமக்கு மதுரை மல்லி எப்படியோ, பிரெஞ்சுக்காரர்களுக்கு வாசனைத் திரவியம் என்றால் கிராஸ் அப்படி. அவர் பாரிஸில் ஒரு பழைய தேயிலைக் கடைக்குப் போய் டப்பா டப்பாவாகத் திறந்து முகர்ந்து பார்த்து இந்த மணத்தை யோசித்தாராம். முதலில் காட்டிய இடங்களில் வேண்டாம் என்றார்கள். கடைசியில் ரோமாபுரியில் நகைக்கடை வைத்திருந்த புல்காரி நிறுவனம் எடுத்துக்கொண்டது. 1992-ல் வெளிவந்தது. அதற்கு முன் தேயிலையை நடுவில் வைத்து வாசனைத் தண்ணீர் செய்து இப்படி யாரும் பெயர் வாங்கவில்லை. அதன்பின் ஆளாளுக்குச் செய்தார்கள். 1999-ல் அமெரிக்காவின் எலிசபெத் ஆர்டன் 'க்ரீன் டீ' என்றே பெயர் வைத்து ஒன்று கொண்டுவந்தது. அதைச் செய்தவரும் பாரிஸ்காரர்தான், ஃபிரான்சிஸ் குர்க்ஜியான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தேயிலை வாசம் தேயிலையிலிருந்து வருவதில்லை. இரண்டு வேதிப்பொருளைச் சேர்த்தால் மூக்கு அதைத் தேயிலை என்று நம்புகிறது. ஒன்று ஐயோனோன், வயலட் பூவின் வாசம், 1893-ல் ஜெர்மானிய விஞ்ஞானிகள் செய்தது. இன்னொன்று ஹெடியோன். அது மல்லிகை இனத்துப் பூவின் எண்ணெயை ஆராய்ந்ததில் கிடைத்த பொருள். 1966-ல் டியோர் நிறுவனத்துக்காக எத்மோன் ருத்னிட்ஸ்கா என்பவர் ஆண்களுக்கான ஒரு வாசனையில் அதை முதன்முதலாகப் பெரிய அளவில் பயன்படுத்தினார். மல்லிகையின் கனத்தை எடுத்துவிட்டுக் காற்றோட்டத்தை மட்டும் வைத்தது போல இருக்கும் என்கிறார்கள்.

ஆக, பாரிஸ் பாட்டிலில் இருக்கும் தேயிலைக்குள் பாதி மல்லிகை. சீனாக்காரர்களுக்கு இது எப்போதோ தெரிந்திருக்கிறது. ஃபூஜியன் மாநிலத்தில் பச்சைத் தேயிலையோடு சாயங்காலம் மல்லிகை மொட்டைப் பரப்பி வைப்பார்கள். இரவில் மொட்டு விரியும். இலை வாசத்தைக் குடிக்கும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு மறுநாள் புதுப் பூ. நல்ல தேயிலைக்கு இப்படிப் பல இரவுகள். அந்த மல்லிகையும் நம் மதுரை மல்லியும் ஒரே இனம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கினதே, அதே மல்லி. இந்தப் பக்கம் நிலக்கோட்டை, அந்தப் பக்கம் சத்தியமங்கலம் என்று நம் பூ மூட்டை மூட்டையாகச் சாறு எடுக்கும் ஆலைக்குப் போய் வெளிநாட்டுக்கு ஏற்றுமதியாகிறது. தேயிலையும் நமக்கு அந்நியமில்லை. மலையைத் தாண்டினால் மேகமலையில் தோட்டங்கள். ஏலக்காய்க்குப் போடி. சீமைச் சரக்கு என்று பயந்த பாட்டிலுக்குள் பார்த்தால் நம் சுற்றுவட்டாரம்தான் இருக்கிறது.

இவ்வளவு சந்தோஷமாக இருந்ததா, தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணம் வந்தது.

என் வீட்டுக்காரர் 2015-ல் காலமானார். அதன்பின் நான் பூ வைப்பதில்லை. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. கருமாதி அன்று எடுத்தது எடுத்ததுதான். வழக்கம் அப்படி, நானும் அப்படி. பத்து வருடத்தில் தலை லேசாகிவிட்டது, பழகிவிட்டது.

கல்யாணத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டுப் புடவை கட்டினேன். சேலையில் பட்டால் கறை விழும் என்று படித்திருந்ததால் புடவை கட்டும் முன்பே மணிக்கட்டில் மட்டும் அந்தத் தண்ணீரைப் போட்டுக்கொண்டேன். மண்டப வாசலில் வரவேற்பு மேசை. உங்களுக்குத் தெரியும்: பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், குங்குமம், கற்கண்டு, தட்டு நிறைய முழம் முழமாக நறுக்கி வைத்த மல்லிகை. எட்டு வயது இருக்கும், பட்டுப் பாவாடை கட்டிய ஒரு குழந்தை செம்பை ஆட்டி என் மேல் பன்னீர் தெளித்தது. நான் சிரித்தேன். அதுவும் சிரித்துக்கொண்டு பூத்தட்டை என் பக்கம் நீட்டியது. பின்னாலிருந்து அதன் அம்மா கையை நீட்டித் தட்டை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, "கற்கண்டு எடுத்துக்கோங்க பாட்டி" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் இல்லை என்று கீழே சொல்கிறேன்.

உள்ளே போனதும் நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். முகம் சற்றே மாறியது.

"என்ன மதினி, செண்டெல்லாம் போட்டிருக்கீக?"

"அண்ணன் மக கொண்டு வந்தா. லேசாத்தான்."

"லேசாத்தான் இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. நாலு பேரு பாக்குற இடம், அதான்."

நாலு பேர் பார்க்கிற இடம்! வாசத்தை எப்படிப் பார்ப்பார்கள்? அப்போது இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை. நான் செய்தது என்ன தெரியுமா? கைகழுவும் இடத்துக்குப் போய் மணிக்கட்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். கை சிவந்தது. வாசம் முழுதாகப் போகவில்லை. சாப்பிடும்போது இலைக்கு மேல் கையைக் கொண்டு போகும்போதெல்லாம் தேயிலை மணந்தது. வீட்டுக்கு வந்து பாட்டிலைப் பீரோவில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

ஒரு மாதம் அது அங்கேயே கிடந்தது. அந்த ஒரு மாதமும் எனக்கு அந்தக் குழந்தையின் நினைவு வரவில்லை. வேறு ஒருத்தர் நினைவுதான் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் தட்டச்சராக ஒரு அம்மா இருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முப்பது வயதுக்கு முன்பே கணவரை இழந்தவர். அலுவலகத்தில் பெண்கள் ஏழு பேர். வெள்ளிக்கிழமை தோறும் காசு போட்டுப் பூ வாங்குவோம். வாங்கி வந்து முழம் போட்டு நறுக்கிக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆறு துண்டு நறுக்குவேன். ஒவ்வொரு மேசையாகப் போவேன். அவருடைய மேசை வரும்போது நிற்காமல் அடுத்த மேசைக்குப் போய்விடுவேன். அந்த நேரத்துக்குச் சரியாக அவர் தட்டச்சு இயந்திரத்தில் குனிந்து ரிப்பனைச் சரிசெய்வார். வாராவாரம் அந்த ரிப்பனுக்கு என்ன கோளாறு வரும் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஆயுத பூஜைக்கும் அப்படித்தான். பொரி கொடுத்தேன், சுண்டல் கொடுத்தேன், பூ கொடுக்கவில்லை.

அவருக்குச் சங்கடம் வரக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் செய்தேன் என்று நான் மனமார நம்பியிருந்தேன். கல்யாண மண்டபத்து அம்மாவும் அதைத்தான் நம்பியிருப்பாள். அதனால்தான் அவள்மேல் கோபம் வரவில்லை. அவள் செய்தது ஒரு தடவை. நான் பல வருடம் செய்தவள். அந்தத் தட்டச்சர் அம்மா இப்போது இல்லை. என் மன்னிப்பு அவருக்குப் போய்ச் சேர வழி இல்லை.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். ஒப்புக்கொள்ள முடியாதவர்கள் இருப்பீர்கள். பரவாயில்லை.

மண்டப வாசலில் பன்னீர் எல்லோருக்கும் தெளிக்கிறோம். சுமங்கலியா, இல்லையா என்று பார்த்து எந்தக் குழந்தையும் செம்பைச் சாய்ப்பதில்லை. பன்னீர் என்பது என்ன? ரோஜாப் பூவின் வாசம் ஏறிய தண்ணீர். பூவின் வாசம் என் மேல் படலாம், பூ படக் கூடாது என்றால் அந்தச் சட்டத்தில் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. முப்பத்திரண்டு வருடம் அரசாணைகளைப் பிரதி எடுத்தவள் நான். இப்படி முதல் பத்தியும் மூன்றாம் பத்தியும் மோதிக்கொள்ளும் ஆணை வந்தால் விளக்கம் கேட்டு மேலே அனுப்புவோம். இதை யாருக்கு அனுப்புவது?

பூவைக் கல்யாணத்தில் கொடுத்தார்கள், அதனால் கணவரோடு போகிறது என்பார்கள். எனக்குக் கல்யாணத்தில் கொடுத்தது தாலி. பூவை என் அம்மா எனக்கு மூன்று வயதில் வைத்துவிட்டாள். அதை எடுக்க வேறு யாருக்கு உரிமை?

மனைவியை இழந்த ஆண்களைப் பாருங்கள். என் உறவில் இரண்டு பேர் இருக்கிறார்கள். சந்தனம் வைத்துக்கொள்கிறார்கள், ஜவ்வாது பூசுகிறார்கள், பேரன் வாங்கிக் கொடுத்த செண்டையும் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்காருகிறார்கள். உட்காரட்டும், நல்லது. அவர்களும் மனைவியை நினைத்து அழுதவர்கள்தான். துக்கம் இருவருக்கும் ஒன்றாக இருக்கும்போது தண்டனை மட்டும் எப்படி ஒருவருக்கு என்றானது?

வெளியே உலகம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மகாராஷ்டிரத்தில் கோலாப்பூர் மாவட்டத்தில் ஹெர்வாட் என்று ஒரு கிராமம். 2022 மே மாதம் அந்தக் கிராமசபை கூடி, கணவர் இறந்தால் வளையல் உடைப்பது, குங்குமம் அழிப்பது, தாலியை அறுப்பது எல்லாவற்றையும் நிறுத்துவோம் என்று தீர்மானம் போட்டது. அதே மாதம் அந்த மாநில அரசு மற்ற ஊராட்சிகளும் இதைப் பின்பற்றலாம் என்று சுற்றறிக்கை அனுப்பியது. நம் மாநிலத்தில் 2023 ஆகஸ்டில் ஈரோடு மாவட்டத்துக் கோயில் வழக்கு ஒன்றில், கணவரை இழந்தவர் என்பதற்காக ஒரு பெண்ணைக் கோயிலுக்குள் வரவிடாமல் தடுப்பதைச் சட்டத்தின் ஆட்சி நடக்கும் இடத்தில் ஏற்கவே முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் கண்டித்தது. தீர்ப்பும் தீர்மானமும் வேண்டும். ஆனால் பூத்தட்டுக்குப் பக்கத்தில் எந்த நீதிபதியும் வந்து நிற்க மாட்டார். அங்கே நிற்பது நாம்.

அதிலும் நாம் யார்? ஆண்டாள் ஊர்க்காரர்கள். சாமிக்குக் கட்டிய மாலையை முதலில் தான் போட்டுப் பார்த்தவள் அவள். தப்பு என்று பெரியாழ்வார் பதறினார். அவள் சூடியதுதான் வேண்டும் என்று பெருமாள் கேட்டார் என்பது நாம் குழந்தைக்குச் சொல்லும் கதை. இன்றைக்கும் அவள் சூடிக் களைந்த மாலை புரட்டாசியில் திருப்பதிக்குப் போகிறது, சித்திரையில் அழகருக்குப் போகிறது. யார் பூச் சூடலாம், எப்போது சூடலாம் என்ற கேள்விக்கு ஒரு பெண் சொன்ன பதிலை ஊரே ஆடிப்பூரத்தில் தேர் இழுத்துக் கொண்டாடுகிறது. தேர் நிலைக்கு வந்ததும் நாம் வாசலில் தட்டை இழுத்துக்கொள்கிறோம்.

மறுபக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். வாசனைத் தண்ணீர் போடுவதில் பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் அது ஒரு ஒளிவிடம். பூவை எல்லோரும் பார்ப்பார்கள். இதைப் பார்க்க முடியாது. அதனால்தான் எனக்கு அந்தத் தைரியம் வந்தது. ஒருத்தி கையைப் பிடித்துக் கண்டுபிடித்ததும் சோப்பைத் தேடி ஓடினேன் என்றால் அது தைரியமும் இல்லை. என் பென்ஷனில் அந்த விலைக்கு நான் ஒருநாளும் வாங்கியிருக்கவும் மாட்டேன். எல்லோரும் போடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஆஸ்துமா உள்ளவர் பக்கத்தில், ஆஸ்பத்திரியில், நெரிசலான பஸ்ஸில் எந்த வாசனையும் வேண்டாம். போடுகிறவர்கள் ஒரு சொட்டோடு நிறுத்துங்கள், தேய்க்காதீர்கள், பாட்டிலை வெயில் படாத இடத்தில் வையுங்கள். பீரோ நல்ல இடம்தான், சேலைக்கு அடியில் ஒளித்து வைக்காமல் இருந்தால்.

மாசியில் ஒரு நாள் பாட்டிலை எடுத்து வெளியே கண்ணாடிக்கு முன்னால் வைத்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டுப் போட்டுக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். ஆண்டாள் சந்நிதியில் கூட்டம் குறைவு. தீர்த்தம் வாங்கினேன், சடாரி வாங்கினேன். பட்டர் துளசியோடு ஒரு சிறு துண்டுப் பூவையும் கையில் போட்டார். அவர் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் போடுவது போலப் போட்டார். பத்து வருடமாக அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக் கைப்பையில் வைத்து, வீட்டுக்கு வந்து சாமி படத்துக்குச் சார்த்துவேன். அன்றைக்குப் பிராகாரத்தில் ஒரு ஓரமாகப் போய் நின்றேன். ஊசி இல்லை. கொண்டையில் அப்படியே சொருகிக்கொண்டேன்.

பஸ்ஸில் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்த பெண் வழியெல்லாம் போனில் பேசிக்கொண்டு வந்தாள். கிருஷ்ணன்கோவில் பக்கம் இருக்கும் தன் கல்லூரிப் பரீட்சையைப் பற்றி. ராஜபாளையம் வரும்போது பூ சரிந்து தோளில் விழுந்தது. எடுத்துத் திரும்பச் சொருகினேன்.

நாத்தனாரிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்தப் பூவு?" என்று மட்டும் கேட்டாள். "சம்பங்கி" என்றேன்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. இனி உங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ வந்தால், வாசலில் நிற்கும் குழந்தையிடம் முதல்நாளே சொல்லிவையுங்கள்: பன்னீர் தெளிக்கிற மாதிரியே பூத்தட்டையும் வருகிற எல்லாப் பெண்களிடமும் நீட்டு. எடுக்கிறவர் எடுக்கட்டும், வேண்டாம் என்கிறவர் கும்பிட்டுவிட்டுப் போகட்டும். வேண்டாம் என்று சொல்வது அவர் வேலை. நாம் முந்திக்கொண்டு அவருக்காகச் சொல்ல வேண்டாம்.

நான் ஏழு துண்டு நறுக்கியிருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.